சாக்கெட் லூப்பில் ஆரம்ப மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழியில் சர்வரும் கிளையன்ட்டும் எழுதப் பழகுகிறவர்களின் நிரல் கோடைப் பல வருடமாகப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதிகம் மாறவில்லை. ஒரு வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பை எந்த வரியில் கொடுப்பது, எத்தனை முறை கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவை போய் நிற்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் லினக்ஸுக்கானவை.

லூப்ல ஆரம்ப மதிப்புன்னா ஐ-க்கு 0 போடறதுதானே? அதுல போய் என்ன பிழை வரும்?

ஒரு அர்ரேயின் கூட்டுத்தொகை பார்க்கிற லூப் என்றால் அவ்வளவுதான். நெட்வொர்க் கோடில் இரண்டு விஷயம் கூடுதலாகச் சேர்கிறது. ஒன்று, லூப்புக்குள் லூப்புக்குள் லூப். வெளியே இணைப்புகளை ஏற்கும் லூப், அதற்குள் மெசேஜ்களை வாசிக்கும் லூப், அதற்கும் உள்ளே ஒரு மெசேஜின் துண்டுகளைச் சேர்க்கும் லூப். இரண்டாவது, நாம் கெர்னலிடம் (லினக்ஸின் மையப்பகுதி) கொடுக்கிற வேரியபிளிலேயே கெர்னல் பதிலை எழுதிவிடும். நாம் வைத்த மதிப்பு அடுத்த சுற்றில் அங்கே இருக்காது.

அதனால் யாருடைய கோடைப் பார்த்தாலும் ஒவ்வொரு வேரியபிளிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: உன் ஆயுள் எவ்வளவு? ஒரு சுற்றா, ஒரு மெசேஜா, ஒரு இணைப்பா, நிரல் முடியும்வரையா? அந்த ஆயுள் எந்த வரியில் தொடங்குகிறதோ அந்த வரியில்தான் ஆரம்ப மதிப்பு இருக்க வேண்டும். கீழே வருகிற பிழைகளில் பெரும்பாலானவை அந்த வரி ஒரு அடைப்புக்குறி உள்ளேயோ வெளியேயோ தள்ளிப்போனதால் வந்தவை.

நான் எதுவும் போடலைன்னா சி தானா 0 வெச்சுக்காதா?

குளோபல் வேரியபிளுக்கும் ஸ்டாட்டிக் வேரியபிளுக்கும் வைத்துக்கொள்ளும். ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவிக்கிற வேரியபிளுக்கு வைக்காது. ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்தான் ஸ்டாக்; அந்த இடத்தில் முன்பு ஓடிய ஃபங்ஷன் எதை விட்டுப்போனதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். தற்செயலாக அது 0 ஆக இருந்துவிடுவதும் உண்டு. மெயினில் நன்றாக ஓடிய லூப்பைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்ததும் உடைந்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சர்வர் முதல் ஆளுக்கு நல்லா பதில் சொல்லுது. அப்புறம் யார் வந்தாலும் கண்டுக்கவே மாட்டேங்குது அக்கா. கனெக்ட் மட்டும் ஆகுது!

செலக்ட் (பல சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஃபங்ஷன்) வைத்து எழுதிய சர்வரில் எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். கோடைப் பார்க்காமலேயே என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கவனிக்க வேண்டிய சாக்கெட்டுகளின் தொகுப்பைக் காலியாக்கும் எஃப்டி ஜீரோவையும், அதில் ஒரு சாக்கெட்டைச் சேர்க்கும் எஃப்டி செட்டையும் லூப்புக்கு மேலே ஒரே ஒரு முறை எழுதியிருப்பீர்கள்.

செலக்ட்டுக்கு நாம் கொடுக்கிற தொகுப்பு போகும்போது "இவற்றைக் கவனி" என்ற பட்டியல். திரும்பி வரும்போது அதே இடத்தில் "இவற்றில் விஷயம் இருக்கிறது" என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் டிஸ்கிரிப்டர் என்ற ஒரு எண் உண்டு. தயாராகாத எண்களைக் கெர்னல் அழித்துவிடும். 0, 1, 2 ஏற்கெனவே எடுக்கப்பட்டவை என்பதால் புது இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் உங்கள் லிசன் சாக்கெட் வழக்கமாக 3. முதல் ஆள் வந்ததும் அவருக்கு 4 கிடைக்கிறது, அதையும் தொகுப்பில் சேர்க்கிறீர்கள். அடுத்த சுற்றில் 4 ஏதோ பேசுகிறார். செலக்ட் திரும்பும்போது தொகுப்பில் 4 மட்டும் இருக்கிறது, 3 போய்விட்டது. இனி உங்கள் சர்வர் வாசலைப் பார்ப்பதே இல்லை. புதிதாக வருகிறவருக்குக் கனெக்ட் ஆவது ஏன் என்றால், டிசிபி கைகுலுக்கலைக் கெர்னலே முடித்து அவரை வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. உங்கள் நிரல் அக்செப்ட்டைக் கூப்பிடும்வரை அவர் அங்கேயே காத்திருப்பார்.

சரிசெய்ய இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மூலப்பட்டியல்: அதன் ஆயுள் நிரல் முடியும்வரை, யார் வந்தாலும் போனாலும் அதில்தான் சேர்ப்பதும் நீக்குவதும். இன்னொன்று வேலைப்பட்டியல்: அதன் ஆயுள் ஒரு சுற்று. லூப்பின் முதல் வரியில் மூலத்தை வேலைப்பட்டியலுக்கு நகலெடுத்து அதையே செலக்ட்டிடம் கொடுங்கள். அது ஒரு ஸ்ட்ரக்ட் என்பதால் சமக்குறி ஒன்று போதும். இந்த ஒரு வரிதான் மொத்தத் திருத்தமும். பிழை இதுதானா என்று உறுதிசெய்ய நிரல் கெர்னலைக் கூப்பிடுவதைக் காட்டும் எஸ்ட்ரேஸில் சர்வரை ஓட்டிப் பாருங்கள். செலக்ட் வரிகளில் [3], பிறகு [3 4], பிறகு வெறும் [4] என்று பட்டியல் சுருங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

5 வினாடி டைம்அவுட் கொடுத்திருக்கேன். யாருமே இல்லாதப்போ சிபியு 100 சதவீதம் ஏறிடுது, ஏன்?

மேலே சொன்ன அதே நோய், வேறு வேரியபிளில். லினக்ஸில் செலக்ட், டைம்அவுட் ஸ்ட்ரக்டிலும் எழுதும். மீதி எவ்வளவு நேரம் இருந்ததோ அதை அங்கே வைத்துவிட்டுத் திரும்பும். 5 வினாடி முழுவதும் ஓடிவிட்டால் மீதி 0. அடுத்த சுற்றில் அந்த 0 போகிறது. காத்திருக்காதே, உடனே திரும்பு என்று அதற்குப் பொருள். லூப் மூச்சுவிடாமல் சுற்ற ஆரம்பித்துவிடும். டைம்அவுட்டின் ஆயுளும் ஒரு சுற்றுதான், வேலைப்பட்டியலை நகலெடுக்கிற வரிக்குப் பக்கத்திலேயே அதையும் நிரப்புங்கள்.

பிஎஸ்டி வழி வந்த கணினிகளில் செலக்ட் இப்படி எழுதுவதில்லை. அங்கே எழுதிச் சோதித்த கோடை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போதுதான் இது தலைகாட்டும். பிசெலக்ட் என்ற ஃபங்ஷன் டைம்அவுட்டைத் தொடாது, ஆனால் தொகுப்புகளை அதுவும் மாற்றும்.

அப்போ எல்லா ஆரம்ப மதிப்பையும் தூக்கி லூப்புக்கு உள்ளே போட்டுட்டா முடிஞ்சுதா?

இல்லை. இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே எதிர்ப்பக்கப் பிழையோடு வருவார்கள் என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

டிசிபியில் மெசேஜ் என்று ஒன்று கிடையாது, பைட்டுகள் தண்ணீர் மாதிரி ஓடி வரும். 1000 பைட் கேட்டு ரிசீவைக் கூப்பிட்டால் 1000 வரலாம், 300 வரலாம், 1 கூட வரலாம். ஆகவே "இதுவரை வந்தது" என்று ஒரு வேரியபிள் வைத்து, பஃபரின் தொடக்கத்திலிருந்து அத்தனை பைட் தள்ளி, மீதி எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் கேட்க வேண்டும். வந்ததைக் கூட்டிக்கொண்டே போய், வேண்டிய அளவு சேர்ந்ததும் நிறுத்த வேண்டும். "இதுவரை வந்தது" என்பதன் ஆயுள் ஒரு மெசேஜ். அதை 0 ஆக்கும் வரியை ரிசீவ் லூப்புக்குள் போட்டால் ஒவ்வொரு துண்டும் பஃபரின் தலையிலேயே விழுந்து முந்தைய துண்டை அழிக்கும். லூப்பும் முடியாது, ஏனென்றால் ஒரே துண்டில் முழு அளவும் வந்தாலொழியக் கணக்கு நிரம்பாது. சென்ட்டுக்கும் இதே கதைதான். அதுவும் கொடுத்ததில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

என் லேப்டாப்ல ஓடுதே! வேற மெஷின்ல போட்டா மட்டும் மெசேஜ் கிழிஞ்சு வருது.

உங்கள் லேப்டாப்பில் கிளையன்ட்டும் சர்வரும் ஒரே இயந்திரத்தில், லூப்பேக் வழியாகப் பேசிக்கொள்கின்றன. லினக்ஸில் லூப்பேக்கின் எம்டியு (ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 65536 பைட். நீங்கள் அனுப்பும் 4000 பைட் மெசேஜ் அநேகமாக ஒரே துண்டாகவே போய்ச் சேரும். மேலே சொன்ன பிழை இருந்தாலும் லூப் ஒரே சுற்றில் முடிந்துவிடுவதால் வெளியே தெரியாது. ஈதர்நெட்டில் எம்டியு 1500. ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1460 பைட்தான் உங்களுக்கு. 4000 பைட் மூன்று பாக்கெட்டாகும், ரிசீவ் இரண்டாவது முறையும் கூப்பிடப்படும், அப்போதுதான் தவறான ஆரம்ப மதிப்புக்கு வேலை வருகிறது.

இதைச் சோதிக்க வேறு மெஷின் தேவையில்லை. ரிசீவிடம் ஒரு நேரத்தில் 7 பைட்டுக்கு மேல் கேட்காதபடி தற்காலிகமாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். சரியான லூப் 7 பைட்டிலும் சரியாக ஓடும், தவறானது முதல் மெசேஜிலேயே விழும். வேலைக்குச் சேர்க்கும் எந்தக் கோடையும் இப்படி ஒரு முறை ஓட்டாமல் நான் ஏற்பதில்லை.

முதல் மெசேஜ் சரி. ரெண்டாவதுல பழைய மெசேஜே திரும்ப வருது. கிளையன்ட் அனுப்பறது சரிதான், பார்த்துட்டேன்.

"இதுவரை வந்தது" வேரியபிளை இப்போது ஒரு அடைப்புக்குறி அதிகமாக வெளியே தள்ளிவிட்டீர்கள். அது இணைப்பு தொடங்கும் இடத்தில் 0 ஆகிறது, மெசேஜ் தொடங்கும் இடத்தில் ஆகவில்லை. முதல் மெசேஜ் முடிந்தபோது அதில் 200 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மெசேஜும் 200 பைட் என்றால் "வந்தது, வேண்டியதைவிடக் குறைவா?" என்ற சோதனை உடனே பொய்யாகிவிடும். ரிசீவ் ஒருமுறைகூட ஓடாது, பஃபரில் கிடக்கும் பழைய மெசேஜை மறுபடி கையாளுவீர்கள்.

இரண்டாவது மெசேஜ் பெரியதாக இருந்தால் அது பஃபரின் 200-ஆவது இடத்திலிருந்து எழுதப்படும், முன்பகுதி பழையது, பின்பகுதி புதியது. ஒரு மெசேஜ் வாசிப்பதைத் தனி ஃபங்ஷனாக எழுதி, வேரியபிளை அதற்குள் அறிவித்து 0 கொடுத்துவிட்டால் இந்தப் பிழைக்கு இடமே இருக்காது. ஆயுளும் அடைப்புக்குறியும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன.

கிளையன்ட் காலி மெசேஜ் அனுப்பினா சர்வர் கனெக்‌ஷனையே மூடிடுது. இது என்ன கொடுமை?

மெசேஜுக்கு முன்னால் 4 பைட்டில் நீளம் அனுப்பும் முறையில்தான் இது வரும். நீளம் 0 என்று வந்திருக்கிறது. நீங்கள் டூ-வைல் லூப் எழுதியிருப்பதால் சோதிக்கும் முன்பே ரிசீவ் ஒருமுறை ஓடுகிறது. 0 பைட் கேட்டால் அது 0 என்றே திரும்பும். எதிராளி இணைப்பை மூடினாலும் ரிசீவ் 0 தரும். உங்கள் கோடுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. வைல் லூப்பாக மாற்றுங்கள், மீதி 0 என்றால் உள்ளேயே போகாது.

அக்செப்ட்டுக்கு முகவரியோட நீளத்தை ஒரு தடவை கொடுத்தா போதாதா? ஒவ்வொரு சுற்றும் கொடுக்கச் சொல்றாங்களே?

அதுவும் போகும்போது ஒரு பொருள், வரும்போது ஒரு பொருள் கொண்ட வேரியபிள். போகும்போது "என் இடம் இவ்வளவு பெரியது", வரும்போது "முகவரி இவ்வளவு நீளம்". நீங்கள் கொடுக்காமல் விட்டாலும் வருடக்கணக்கில் ஓடக் காரணம், ஐபிவி4 முகவரி எப்போதும் 16 பைட், ஐபிவி6 எப்போதும் 28. உள்ளே போனதே வெளியே வருகிறது.

யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டுக்கு அதே கோடைக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் வைக்காத கிளையன்ட் வந்தால் லினக்ஸ் 2 என்று எழுதிவிட்டுப் போகும். அடுத்து பெயரோடு ஒருவர் வந்தால் உங்கள் "இடம்" இப்போது 2 பைட்தான், அவருடைய பாதை முழுக்க வெட்டப்பட்டுவிடும். ரிசீவ்ஃப்ரம்முக்கும் இதே விதி.

மைனஸ் 1 வந்தா பிரேக் பண்ணச் சொல்லியிருக்கேன். பண்ணவே மாட்டேங்குது, லூப் சுத்திக்கிட்டே இருக்கு.

ரிசீவின் விடையை சைஸ்-டி வகையில் வாங்குகிறீர்கள். அதற்குக் குறி கிடையாது. 64 பிட் கணினியில் மைனஸ் 1 அதற்குள் போனால் 18446744073709551615 ஆகிவிடும், "0-ஐ விடக் குறைவா" என்ற சோதனை ஒருநாளும் உண்மையாகாது. இன்னும் மோசம், அதை "இதுவரை வந்தது" உடன் கூட்டினால் கணக்கு சுற்றிவந்து சரியாக 1 குறையும். விடையை எஸ்சைஸ்-டி வகையில் வாங்குங்கள்.

பின்னாலிருந்து முன்னால் வரும் லூப்பிலும் இதே குறியில்லாத வகை காலை வாரும். கடைசி எண்ணிலிருந்து தொடங்கி "ஐ, 0-க்குச் சமமோ அதிகமோ" என்று எழுதினால் அது முடிவே இல்லாத லூப்.

பேசாம எல்லாத்துக்கும் 0 போட்டு ஆரம்பிச்சுட்டா பாதுகாப்புதானே? ஜிசிசியிலேயே அதுக்கு ஆப்ஷன் இருக்காமே?

இருக்கிறது. ஜிசிசி 12 முதல், மதிப்புக் கொடுக்காத லோக்கல் வேரியபிள்களைத் தானே 0 ஆக்கச் சொல்லலாம். கிளாங்கிலும் உண்டு. பழைய ஸ்டாக் எச்சம் வெளியே கசிவதைத் தடுக்க அது நல்ல காப்பு, நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் மதிப்பே கொடுக்காமல் விட்ட அந்த ஒன்றைத் தவிர, இந்தப் பக்கத்தில் இதுவரை பார்த்த வேறு எந்தப் பிழையையும் அது பிடிக்காது. அந்த வேரியபிள்களுக்கு எல்லாம் மதிப்பு இருந்தது, தவறான வரியில் இருந்தது.

அதோடு சாக்கெட் கோடில் 0 என்பது "ஒன்றுமில்லை" அல்ல. 0 என்ற டிஸ்கிரிப்டர் உங்கள் கீபோர்டு உள்ளீடு. கிளையன்ட் அர்ரேயை மெம்செட் போட்டு 0 ஆக்கிவிட்டு, முடிவில் எல்லாவற்றையும் குளோஸ் செய்கிற லூப் அந்த 0-ஐ மூடிவிடும். அதன்பிறகு திறக்கிற அடுத்த சாக்கெட்டுக்கு எண் 0 கிடைக்கும், குழப்பம் அங்கிருந்து கிளைவிடும். டிஸ்கிரிப்டருக்கு ஆரம்ப மதிப்பு மைனஸ் 1. செலக்ட்டின் வேலையையே செய்யும் "போல்" என்ற ஃபங்ஷன் எதிர்மறை எண்ணைக் கண்டால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும், அதற்கும் இதுவே வசதி.

ஒரு பெயருக்கான முகவரிகளைத் தேடித் தரும் கெட்அட்ரின்ஃபோ கொடுத்த முகவரிகளை ஒவ்வொன்றாக முயலும் லூப்பிலும் டிஸ்கிரிப்டரை மைனஸ் 1 வைத்துத் தொடங்குங்கள். ஒரு முகவரியில் கனெக்ட் தோற்றால் அந்த சாக்கெட்டை மூடி மறுபடி மைனஸ் 1 ஆக்கிவிட்டு, அடுத்த முகவரிக்குப் புதிய சாக்கெட் திறக்க வேண்டும். லூப் முடிந்ததும் மைனஸ் 1 இருந்தால் எதுவுமே கிடைக்கவில்லை என்று பொருள். கெட்அட்ரின்ஃபோவுக்கு நாம் கொடுக்கிற ஹின்ட்ஸ் ஸ்ட்ரக்டுக்கு மட்டும் முதலில் முழுக்க 0 கட்டாயம்.

இவ்வளவு இருக்கே, கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சிலவற்றைச் சொல்லும், கேட்கிற மாதிரி கேட்டால். டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்ற எச்சரிக்கை ஆப்ஷன்கள் இரண்டையும் போட்டு, ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் ஓ2 வைத்தும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். மதிப்பில்லாத வேரியபிள் பற்றிய ஜிசிசியின் எச்சரிக்கைகளில் பல, ஆப்டிமைஸ் செய்யும்போதுதான் வரும். குறியில்லாத எண்ணை 0-ஐ விடக் குறைவா என்று சோதிப்பதை எக்ஸ்ட்ரா பிடித்துவிடும். ஆனால் முகவரி நீளத்தை அக்செப்ட்டுக்கு அதன் பாய்ன்டராகக் கொடுக்கும்போது, அந்த ஃபங்ஷன்தான் மதிப்பை எழுதப்போகிறது என்று கம்பைலர் நம்பி விட்டுவிடும். செலக்ட் தொகுப்பு அழிவது அதன் பார்வைக்கே வராது.

ஓட்டிப் பார்க்கும்போது மதிப்பில்லாததைப் பிடிக்க வால்கிரிண்ட் வேண்டும், அல்லது கிளாங்கின் மெமரி சானிட்டைசர். அட்ரஸ் சானிட்டைசர் இதைப் பிடிக்காது. பலர் அதை ஓட்டிவிட்டுச் சுத்தம் என்று நம்பிவிடுகிறார்கள். வால்கிரிண்டில் ட்ராக்-ஆரிஜின்ஸ் போட்டால் அந்தக் குப்பை எந்த ஃபங்ஷனின் ஸ்டாக்கில் பிறந்தது என்றும் காட்டும். ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்ததும் பிழை காணாமல் போனால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி ஸ்டாக்கில் கிடந்த எச்சத்தை மாற்றியிருக்கிறது, அவ்வளவே.

ஈபோலுக்கு மாறிட்டா இந்தத் தொல்லை இல்லையாமே?

ஈபோலும் செலக்ட் மாதிரி பல சாக்கெட்டுகளைக் கவனிப்பதற்குத்தான். தொகுப்பு அழியும் தொல்லை அதில் இல்லை. 2002-இல் லினக்ஸுக்கு வந்த ஈபோலில் கவனிக்க வேண்டிய பட்டியலைக் கெர்னலே வைத்துக்கொள்கிறது. போலிலும் கேட்பதற்கு ஒரு இடம், பதிலுக்கு வேறு இடம் என்று பிரித்துவிட்டார்கள். செலக்ட்டுக்கு டிஸ்கிரிப்டரில் இருக்கும் 1024 என்ற எல்லையும் இவற்றுக்கு இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் இவற்றில் ஒன்றிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஈபோல் வெயிட் திரும்பிய பிறகு அர்ரேயில் எத்தனை இடம் வைத்திருக்கிறீர்களோ அத்தனையும் சுற்றாதீர்கள், அது திருப்பித் தந்த எண்ணிக்கை வரை மட்டும் போங்கள். மீதி இடங்களில் போன சுற்றின் நிகழ்வுகள் அப்படியே கிடக்கும், மூடிவிட்ட இணைப்புக்குப் பதில் எழுதப் போவீர்கள். ரிசீவ் லூப்பின் கணக்கும் மாறுகிறது. சாக்கெட்டை நான்-பிளாக்கிங் ஆக்கியதும் ஒரு மெசேஜ் பாதியில் நின்று, வேறு நாலு பேரைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து மீதியை வாசிக்க நேரும். "இதுவரை வந்தது" அப்போது ஃபங்ஷனுக்குள் இருக்க முடியாது, அந்த இணைப்பின் ஸ்ட்ரக்டில் இருக்க வேண்டும். மெசேஜ் முடிந்த வரியில் நீங்களே அதை 0 ஆக்க வேண்டும்.

சொந்தமா பிங் எழுதினேன். முதல் பாக்கெட்டுக்கு மட்டும் பதில் வருது, ரெண்டாவதுலேர்ந்து ஒண்ணுமே இல்ல. எதிர்ல இருக்கிற மெஷின் உயிரோடதான் இருக்கு.

செக்சம் (பாக்கெட் பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தவறாகப் போகிறது. தவறான செக்சம் உள்ள பாக்கெட்டை எதிர்முனைக் கெர்னல் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும், அதனால் உங்களுக்கு எந்தப் பிழைச்செய்தியும் வராது. 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1071 சொல்கிற கணக்கு எளிது. பாக்கெட்டை 16 பிட் துண்டுகளாகக் கூட்டி, மேலே வழிவதை மறுபடி கீழே கூட்டி, கடைசியில் பிட்டுகளைத் தலைகீழாக்க வேண்டும். இதற்கு இரண்டு ஆரம்ப மதிப்பு தேவை, இரண்டின் ஆயுளும் ஒரு பாக்கெட். கூட்டுத்தொகை வேரியபிள் 0 ஆக இருக்க வேண்டும், பாக்கெட்டுக்குள் செக்சம் உட்காரும் இடமும் கணக்குப் போடும் முன் 0 ஆக இருக்க வேண்டும். முதல் பாக்கெட்டுக்கு மெம்செட் உங்களைக் காப்பாற்றியது. இரண்டாவதில் பழைய செக்சம் அங்கேயே இருக்கிறது.

இரண்டில் எது விட்டுப்போனது என்று கோடைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம். பாக்கெட்டில் வேறெதுவும் மாறாமல் வரிசை எண் மட்டும் 1 கூடுகிறது என்றால், பழைய செக்சத்தோடு சேர்த்த கூட்டுத்தொகை 65535 ஆக இருந்தது 65536 ஆகி, வழிந்தது மடங்கி 1 ஆகும். அதைத் தலைகீழாக்கினால் 65534. போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் இரண்டாவது பாக்கெட்டின் செக்சத்தைப் பாருங்கள், அது பதினாறடிமானத்தில் காட்டுவதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 65534 இருந்தால் பாக்கெட்டுக்குள் இருக்கும் இடத்தை 0 ஆக்க மறந்திருக்கிறீர்கள். வேறு எண் என்றால் கூட்டுத்தொகை வேரியபிள் லூப்புக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்.